மாநில மாநாட்டில் தீசிஸ் வாசிக்கப் போகிறேன்; சரியாக வராத இரண்டு கேஸையும் சொல்ல வேண்டுமா?

எம்.எஸ். ஆர்த்தோ, அதாவது எலும்பு அறுவை மருத்துவ மேற்படிப்பில், கடைசி ஆண்டில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய ஆய்வு, வயதானவர்களுக்கு வரும் ட்ரோகேன்டர் முறிவுக்கு (தொடை எலும்பு இடுப்பருகே முறிவது) பி.எஃப்.என். ஆணி (தொடை எலும்புக்குள் செலுத்துவது, அதிலிருந்து ஒரு ஸ்க்ரூ எலும்பின் தலைக்குள் போகும்) போட்டு ஒரு வருடம் கவனித்தது. ஆபரேஷன் நடந்தது 38 பேருக்கு, ஒரு வருட ஃபாலோ-அப்புக்கு வந்தது 30 பேர். இன்ஃபெக்ஷன் ஒன்றுகூட இல்லை. 2 பேருக்கு மட்டும் ஸ்க்ரூ தொடை எலும்பின் தலையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. அந்த இரண்டையும் எக்ஸ்க்ளூட் பண்ணிவிடு, ரிசல்ட் அழகாக இருக்கும் என்கிறாராம் ஒரு சீனியர். மேடையில் 6 நிமிடம் பேச்சு, 2 நிமிடம் கேள்வி. பள்ளிப் படிப்பு தமிழ் வழி, ஆங்கிலத்தில் பேச உதறுகிறது, எப்படித் தயாராவது என்பது கேள்வி.

முதலில் அந்த இரண்டு கேஸ். கட்டாயம் சொல்லுங்கள். யாரைச் சேர்ப்போம், யாரைச் சேர்க்கமாட்டோம் என்று முதல் நோயாளியைத் தொடும் முன்பே எழுதி எத்திக்ஸ் கமிட்டியிடம் கொடுத்திருப்பீர்கள். ஸ்க்ரூ வெளியே வந்தால் கணக்கிலிருந்து நீக்குவோம் என்று அதில் எழுதியிருக்காது. முடிவு தெரிந்த பிறகு ஒருவரை வெளியே எடுப்பது எக்ஸ்க்ளூஷன் ஆகாது, அது ரிசல்டைத் திருத்துவது. சீனியர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் இதில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த அரங்கில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தாலுகா மருத்துவமனையில் தனியாக வேலை பார்க்கும் ஒரு சர்ஜன் இருப்பார். திங்கட்கிழமை அவருடைய ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) லிஸ்டில் 78 வயதுப் பாட்டி ஒருவர் இருப்பார், இதே முறிவோடு. நன்றாகக் கூடிய 28 எக்ஸ்-ரேக்களிலிருந்து அவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. அவையெல்லாம் அவர் கையிலும் கூடுகின்றன. ஸ்க்ரூ எந்த இடத்தில் உட்கார்ந்தபோது வெளியே வந்தது என்பதுதான் அவருக்கு வேண்டும். 6 நிமிடத்தில் ஒன்றரை நிமிடத்தை அந்த இரண்டு பேருக்குக் கொடுங்கள். ஆபரேஷன் முடிந்த அன்று எடுத்த படம், ஆறாவது வாரப் படம், வெளியே வந்த பிறகு எடுத்த படம் என்று மூன்றையும் வரிசையாகக் காட்டுங்கள்.

அதோடு, 38 பேருக்கும் டிப்-அபெக்ஸ் தூரத்தை அளந்துவிடுங்கள். முன்பக்கப் படத்தில் ஸ்க்ரூ நுனிக்கும் எலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தூரம், பக்கவாட்டுப் படத்தில் அதே தூரம், இரண்டையும் கூட்டினால் வருவது. எக்ஸ்-ரே பெரிதாக்கிக் காட்டும் என்பதால் ஸ்க்ரூவின் உண்மையான விட்டத்தை வைத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். 1995இல் அமெரிக்காவின் பாம்கார்ட்னரும் அவருடைய சகாக்களும் 198 முறிவுகளில் இதை அளந்தார்கள். 16 ஸ்க்ரூக்கள் வெளியே வந்திருந்தன. ஆனால் இந்தத் தூரம் 25 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்த 120 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அவர்கள் புது இம்ப்ளான்ட் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தோற்ற கேஸ்களையும் சேர்த்து வைத்து, ஸ்கேலை எடுத்து அளந்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் எக்ஸ்-ரே கருவி) முன்னால் நிற்கும் சர்ஜன் மனதில் அந்த 25 ஓடுகிறது. தோற்ற 16 பேரை அவர்கள் எக்ஸ்க்ளூட் பண்ணியிருந்தால் அந்த எண் பிறந்தே இருக்காது.

உங்கள் இரண்டு பேருக்கும் 25க்குள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்போது வேறு காரணம் தேட வேண்டும். முறிவு வேரஸில் (எலும்பின் தலை உள்பக்கம் சாய்ந்து) சேர்ந்திருந்ததா, தொடை எலும்பின் வெளிப்பக்கச் சுவர் உடைந்திருந்ததா, எலும்பு எவ்வளவு மெலிந்திருந்தது என்று பாருங்கள். அளக்கும்போது ஒரு விஷயம் கவனம். யாருக்குத் தோற்றது என்று தெரிந்த நீங்களே அளந்தால் கை தன்னையறியாமல் சாயும். பேரை மறைத்து, ஆபரேஷன் அன்று எடுத்த படத்தை மட்டும் கூடப்படிக்கும் ஒருவரிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆய்வில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த இரண்டு பேர் இல்லை, வராமல் போன 8 பேர்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2003இல் நானும் இதே முறிவைப் பற்றித்தான் மேடையேறினேன். அப்போது டி.ஹெச்.எஸ். (எலும்பின் வெளியே தகடு, தலைக்குள் ஒரு ஸ்க்ரூ) போட்டுக்கொண்டிருந்தோம். ஆபரேஷன் 40 பேர், ஃபாலோ-அப் 31 பேர், 27 பேருக்கு நல்ல முடிவு. அழகாகப் பேசி முடித்தேன் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது வரிசையில் அரைக்கைச் சட்டை போட்ட ஒரு பழைய பேராசிரியர் மைக்கைக்கூட வாங்காமல் தமிழிலேயே கேட்டார். "மிச்சம் ஒன்பது பேர் எங்கேப்பா?" லாஸ்ட் டு ஃபாலோ-அப் சார் என்றேன். "சரி, உயிரோட இருக்காங்களா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்த வயதானவர்களில் ஐந்தில் ஒருவர் அல்லது அதற்கும் மேல் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள் என்று என் முதல் ஸ்லைடில் நானே எழுதி வைத்திருந்தேன். என் நோயாளிகளும் அந்தக் கணக்கில் வரக்கூடியவர்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஊர் திரும்பியதும் எம்.ஆர்.டி.யில் (பழைய கேஸ் ஷீட்டுகளை வைக்கும் பிரிவு) போய் ஒன்பது கேஸ் ஷீட்டையும் எடுத்தேன். அப்போது வீட்டுக்கு வீடு போன் கிடையாது. நம்பர் இருந்த இடத்திலும் பக்கத்தில் 'பி.பி. மளிகைக் கடை' என்று எழுதியிருக்கும், அதாவது கடைக்காரர் போய்க் கூப்பிட்டுவிட வேண்டும். மற்றவர்களுக்குத் தபால் ஆபீஸில் பதில் கார்டு வாங்கிப் போட்டேன். ஒரு கார்டு திரும்பி வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில். "தாத்தா தை மாதம் இறந்துவிட்டார். கடைசி வரை குச்சி பிடித்து நடந்தார்." அந்தக் கார்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரு பாட்டியிடமிருந்து பதிலே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி அவர் ஊருக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். வலது செருப்பின் அடியில் டயர் ரப்பர் இரண்டு அடுக்கு ஒட்டியிருந்தது. கால் குட்டையாகிவிட்டதால் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து அவரே சரி பண்ணிக்கொண்டிருக்கிறார். டேப் வைத்து அளந்தால் 3 செ.மீ. குறைவு. படம் எடுத்துப் பார்த்தபோது ஸ்க்ரூ வெளியே வந்திருந்தது. ஏன் பாட்டி வரவில்லை என்று கேட்டேன். "நல்லாத்தான் சாமி இருக்கேன். அங்க வந்தா மகனுக்கு ஒரு நாள் கூலி போயிடும்" என்றார்.

ஒன்பது பேரில் 3 பேர் இறந்திருந்தார்கள். 4 பேர் நன்றாக நடந்தார்கள். ஒருவர் இந்தப் பாட்டி. ஒருவரைக் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. தீசிஸில் எல்லாக் கணக்கையும் மாற்றி எழுதினேன். மேடையில் சொன்னது சொன்னதுதான், அதைத் திரும்ப வாங்க முடியவில்லை.

அதனால் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். வந்த 30 பேரில் 2 பேர் என்றால் 6.7 சதவீதம். வராத 8 பேரும் நன்றாக இருந்தால் 38க்கு 2, அதாவது 5.3 சதவீதம். அந்த 8 பேருக்கும் ஸ்க்ரூ வெளியே வந்திருந்தால் 38க்கு 10, அதாவது 26.3 சதவீதம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. 5க்கும் 26க்கும் இடையே இவ்வளவு அகலம் இருக்கும்போது பி வேல்யூவை (முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் புள்ளியியல் எண்) எத்தனை தசமம் வரை போட்டாலும் அது யாருக்கும் உதவாது. 8 பேரில் 6 பேரைக் கண்டுபிடித்துவிட்டால்கூட இந்த அகலம் நன்றாகச் சுருங்கிவிடும்.

இன்ஃபெக்ஷன் இல்லை என்பதையும் கொஞ்சம் அடக்கிச் சொல்லுங்கள். 30 பேரில் பூஜ்யம் என்றால் உண்மையான விகிதம் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. புள்ளியியலில் மூன்றின் விதி என்று ஒன்று உண்டு. ஒரு கெடுதல் ஒருமுறைகூட நடக்காதபோது, 3ஐ நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 95 சதவீத நம்பிக்கை எல்லையின் மேல்முனை ஏறத்தாழக் கிடைத்துவிடும். 3ஐ 30ஆல் வகுத்தால் 10 சதவீதம். அதாவது உங்கள் யூனிட்டில் பத்தில் ஒருவருக்கு இன்ஃபெக்ஷன் வரக்கூடிய நிலை இருந்திருந்தாலும் இந்த 30 பேரில் ஒன்றும் வராமல் போயிருக்கலாம். "எங்கள் 30 பேரில் இன்ஃபெக்ஷன் இல்லை, ஆனால் 10 சதவீதம் வரை இருந்திருக்கலாம் என்பதை இந்த எண்ணிக்கை மறுக்கவில்லை" என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள். புள்ளியியல் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சொந்தத் தோல்வியைச் சகாக்கள் முன் வைப்பதில் நம் துறைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. பாஸ்டனில் எர்னஸ்ட் அமோரி காட்மன் என்று ஒரு சர்ஜன் இருந்தார். தோள்பட்டை மருத்துவத்தில் அவர் பெயர் நமக்குத் தெரியும், காட்மன் பயிற்சி என்று ஓ.பி.யில் தினமும் சொல்கிறோம். ஒவ்வொரு நோயாளியையும் குறைந்தது ஒரு வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும், தவறு நடந்தால் ஏன் என்று எழுத வேண்டும், அதை மருத்துவமனைகள் வெளியிட வேண்டும் என்று அவர் வாதாடினார். பெரிய மருத்துவமனைப் பதவியை 1914இல் விட்டு விலகினார். தன் சொந்தச் சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை வந்த 337 பேரின் முடிவுகளை அச்சிட்டு வெளியிட்டார், அதில் 123 தவறுகளைத் தானே பட்டியல் போட்டிருந்தார். சக மருத்துவர்கள் பலர் அவரை ஒதுக்கினார்கள். 1940இல் இறந்தபோது கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. 2014இல்தான் கல் வைத்தார்கள். உங்களுக்கு அவ்வளவு விலை கேட்க மாட்டார்கள், 8 நிமிடம்தான்.

ஜான் சார்ன்லியையும் நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இடுப்பு மாற்று அறுவையில் முதலில் டெஃப்ளான் கிண்ணம் வைத்தார். ஏறத்தாழ 300 பேருக்கு வைத்த பிறகு அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, துகள்கள் சுற்றிலும் திசுவைக் கெடுத்தன. அவர் அதை மறைக்கவில்லை. அந்தத் துகளைத் தன் தொடையிலேயே செலுத்திப் பார்த்து, நடந்ததை எழுதினார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீனுக்கு மாறினார். உலோகத் தலை, பாலிஎத்திலீன் கிண்ணம் என்ற அந்த ஜோடி இன்றும் நம் ஓ.டி.யில் இருக்கிறது.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம், கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் திறந்த காய ஸ்கோர். டாக்டர் ராஜசேகரனும் அவர் குழுவும் காலில் அடிபட்டு வந்த 109 டைப் 3ஏ, 3பி காயங்களை (எலும்பு முறிந்து, தோலும் சதையும் கடுமையாகக் கிழிந்தவை), விடாமல் வரிசையாகச் சேர்த்து 2006இல் வெளியிட்டார்கள். ஸ்கோர் 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் காலைக் காப்பாற்றலாம், 17 அல்லது அதற்கு மேல் என்றால் எடுக்க நேரிடலாம், நடுவில் உள்ளது யோசித்து முடிவெடுக்க வேண்டியது. விடாமல் வரிசையாக என்றேனே, அந்த ஸ்கோரின் பலம் அங்கேதான் இருக்கிறது. நல்லது கெட்டது பார்த்துப் பொறுக்கியிருந்தால் அந்த எண்களை நம்ப முடியாது.

அப்புறம் உங்கள் ஸ்கோர். பெரும்பாலான பி.ஜி.க்கள் ஹாரிஸ் ஹிப் ஸ்கோரை (இடுப்பின் வலிக்கும் நடைக்கும் 100க்கு மதிப்பெண் போடுவது) போடுகிறார்கள், நீங்களும் போட்டிருப்பீர்கள். தவறில்லை. ஆனால் அது 1969இல், மூட்டுக் கிண்ண முறிவுக்குப் பிறகு மூட்டு தேய்ந்த அமெரிக்க நோயாளிகளுக்காக எழுதியது. நாற்காலியில் உட்கார முடிகிறதா, காலுறை போட முடிகிறதா, பொது வாகனத்தில் ஏற முடிகிறதா என்று கேட்கும். தரையில் சம்மணம் போட முடிகிறதா, குந்தி உட்கார முடிகிறதா என்று கேட்காது. 90 மதிப்பெண் வாங்கிய ஒரு தாத்தா வீட்டுக் கழிப்பறைக்குப் போக முடியாமல் தவிக்கலாம். அதனால் ஸ்கோரோடு தனியாக நான்கு கேள்வி கேளுங்கள்: முறிவுக்கு முன் எப்படி நடந்தார், இப்போது எப்படி நடக்கிறார், குந்த முடிகிறதா, தரையிலிருந்து எழ முடிகிறதா. முறிவுக்கு முன்பே கோல் பிடித்து நடந்தவரை இப்போது கோல் பிடித்து நடக்கிறார் என்பதற்காகச் சுமாரான முடிவு என்று எழுதினால் அது அவருக்கும் நியாயமில்லை, உங்கள் கைக்கும் நியாயமில்லை.

ஸ்லைடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு ஸ்லைடு போதும். ட்ரோகேன்டரின் உடற்கூறியல், முறிவின் வரலாறு, வகைப்பாட்டுப் படம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், அங்கே இருக்கிறவர்கள் அதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள். ஆய்வுக் கேள்வி ஒரு வரி, யார் யாரைச் சேர்த்தீர்கள், 38 எப்படி 30 ஆனது என்று ஒரு படம், முடிவுகள் இரண்டு ஸ்லைடு, தோற்ற இரண்டு பேர் இரண்டு ஸ்லைடு, குறைகள் ஒன்று. எக்ஸ்-ரேயை வியூ பாக்ஸில் மாட்டி போனில் எடுக்காதீர்கள், டியூப் லைட் பிரதிபலிப்பில் ஸ்க்ரூ நுனியே தெரியாது. இரண்டு பார்வையும் வேண்டும். நோயாளி பெயர், ஐ.பி. நம்பர் படத்தின் மூலையில் இருக்கும், அதை வெட்டிவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். குந்தி உட்காரும் போட்டோ காட்டினால் முகத்தை மறைத்து, அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக் காட்டுங்கள்.

ஆங்கிலம் பற்றிய பயம். நான் படித்ததும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில்தான், அந்த உதறல் எனக்குப் பழக்கம். உங்கள் பேச்சைச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். "38 பேருக்கு ஆபரேஷன் செய்தோம். 30 பேர் வந்தார்கள். 2 பேருக்குத் தோற்றது." இந்த அளவுக்கு ஆங்கிலம் உங்களிடம் தாராளமாக இருக்கிறது. முதல் மூன்று வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், குரல் நடுங்குவது அங்கேதான். மீதியை ஸ்லைடைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நைட் டியூட்டியில் கேஷுவால்டி ஓய்ந்திருக்கும் நேரத்தில் கூட இருக்கும் சி.ஆர்.ஆர்.ஐ. (ஹவுஸ் சர்ஜன்) ஒருவரை உட்கார வைத்து போனில் டைமர் வைத்துப் பேசிப் பாருங்கள். புரியாத இடத்தில் அவர் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்தரை நிமிடத்தில் முடிய வேண்டும். ஆறு நிமிடம் என்று தயாரித்தால் மேடையில் ஏழு ஆகும், மணி அடித்து இறக்கிவிடுவார்கள், கடைசியில் வைத்திருக்கும் அந்த இரண்டு கேஸ் போய்விடும். அதனால் அவற்றைக் கடைசியில் வைக்காமல் நடுவில் வையுங்கள்.

கேள்வி நேரத்தில் பெரும்பாலும் வருவது இவைதான்: ஏன் இந்த இம்ப்ளான்ட், வராதவர்கள் எங்கே, ஸ்கோர் போட்டது யார், எலும்பு எவ்வளவு மெலிந்திருந்தது. கடைசிக் கேள்விக்கு சிங் இன்டெக்ஸ் போதும், 1970இல் நம் நாட்டு மருத்துவர்கள் தந்தது, சாதாரண எக்ஸ்-ரேயிலேயே 6 முதல் 1 வரை தரம் பிரிக்கலாம். அடிபடாத பக்க இடுப்பில் பாருங்கள். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். விடை தெரியவில்லை என்றால் "அதை நான் அளக்கவில்லை சார்" என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். அளக்காததை அளந்ததுபோல் பேச ஆரம்பித்தால் அடுத்த கேள்வியில் கால் வாரிவிடும். உங்கள் கைடு எழுந்து உங்களுக்காகப் பதில் சொல்ல வந்தால் சொல்லட்டும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மாநாட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனை நாள் இருந்தாலும் ஸ்லைடைத் தொடுவதற்கு முன் எம்.ஆர்.டி.க்குப் போய் அந்த 8 கேஸ் ஷீட்டையும் எடுங்கள். போனில் விசாரிப்பது உங்கள் எத்திக்ஸ் அனுமதியில் இல்லையென்றால் கைடிடம் சொல்லி ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். மாலை 7 மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள். எடுத்ததும் ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னால் பயந்துவிடுவார்கள், உங்கள் பெயரையும் வார்டையும் சொல்லுங்கள். நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்காமல், வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஆரம்பியுங்கள். அவர் இறந்திருந்தால் அதைச் சொல்ல அவர்களுக்கு அப்போதுதான் இடம் கிடைக்கும். எந்த மாதம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தால், வேறு எங்காவது காட்டினீர்களா, நாட்டுக் கட்டுப் போட்டீர்களா என்று கோபமில்லாமல் கேளுங்கள். கால் குட்டையாக இருக்கிறதா, செருப்பை மாற்றினீர்களா என்றும் கேளுங்கள். இருக்கிறது என்றால் மகனுக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்து வரச் சொல்லி, அன்று ஓ.பி. வரிசையில் நிற்க வைக்காமல் நீங்களே கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்-ரே எடுத்துக் கொடுங்கள்.